நாற்பத்தொரு பேர் திரும்பிப் பார்த்தார்கள்

கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தால் நடுவில் நழுவிப் போய் ஒரு சிகரெட் பிடித்துவிடலாம் என்பது கணக்கு வாத்தியார் யேசுரத்தினத்தின் திட்டம். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கான சமூக விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கும் நாகர்கோவிலின் அந்தப் பெரிய அரங்கத்துக்குள் அவர் நுழைவதற்குள், கீரிப்பாறையிலிருந்து அவர் பஸ்ஸில் கூட்டி வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரும் பின்வரிசைகளில் நிறைந்துவிட்டார்கள். மேடைக்கு நேர் எதிரே ஒரே ஒரு நாற்காலி தனியாகக் கிடந்தது.

"ஏலே ஷிஜின், எந்திரிலே. நான் அங்க இருக்கேன்."

"வேண்டாம் சாரே. ஒங்களுக்கு அதுதான் எடம்."

ஷிஜின் எப்போதும் பல்லைக் காட்டுகிறவன். இன்று சிரிக்கவில்லை.

ஏற்பாட்டாளர் லிஜா தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். சின்ன வயதுப் பெண்.

"மத்த ஸ்கூல் பிள்ளையள காணலியேம்மா?"

"இன்னைக்கு ஒங்க ஸ்கூல் மட்டுந்தான் சார். உக்காருங்க."

முதலில் பேசியவர் ஓய்வுபெற்ற போக்குவரத்து இன்ஸ்பெக்டர்.

"ஒருத்தரு இருக்காரு. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல இருக்கும். செல்போன தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, தடிக்காரன்கோணம் வளைவுல வருவாரு. எதிர்ல வாறது பஸ்ஸா, எமனான்னு பாக்கமாட்டாரு."

யேசுரத்தினம் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். நேற்றுக் காலையும் அப்படித்தான் வந்திருந்தார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே வருகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, பிள்ளைகள் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

நாற்பத்தொரு பேரும் மேடையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெதுவாக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரத்துத் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். இரண்டாவதாக ஒரு அம்மாள் எழுந்தார். பெண்களின் உழைப்பு பற்றிப் பேச்சு.

"சில ஆசிரியர்கள் டீ குடிச்ச கிளாஸை பொம்பளப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத்தான் கழுவச் சொல்லுவாங்க. பக்கத்துல பத்துப் பையன்கள் சும்மா நின்னாலும் கண்ணுல படாது." கொஞ்சம் நிறுத்தினார். "தூணுக்குப் பின்னால இருந்தாலும் இது கேக்கும்னு நினைக்கிறேன்."

நாற்பத்தொரு கழுத்துகள் ஒரே நேரத்தில் தூணின் பக்கம் திரும்பின. ஒரு நாற்காலிகூட கிறீச்சிடவில்லை. மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சார் எழுந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போகிறவர்போல் வெளியேறினார். வராந்தாவில் யாரும் இல்லை. சிகரெட் பாக்கெட்டைத் திறந்தார்.

தலைக்கு மேலே ஒரு ஒலிபெருக்கி கரகரத்தது. மூன்றாவதாகப் பேச எழுந்த டாக்டரின் குரல்.

"வெளிய போனாலும் இது கேக்கும். இப்பம் பாக்கெட்டை எடுத்திருப்பாரு."

பாக்கெட் தரையில் விழுந்தது.

"பள்ளிக்கூட மாடி ஏறும்போது பாதியில நிப்பாரு. நோட்டீஸ் போர்டு படிக்கிற மாதிரி. ஆனா கை நெஞ்சுல இருக்கும். வீட்டுல ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டாரு."

யேசுரத்தினம் சார் சுவரில் சாய்ந்தார். இரண்டு மாதமாக இருக்கும் வலி. மனைவி நேசம்மாளுக்குக்கூடத் தெரியாது. தனக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரியும் என்று நம்பியிருந்தார். நேற்றுக் காலையே அந்த வளைவில் செத்துப்போய்விட்டோமோ, இதுதான் நியாயத்தீர்ப்போ என்று ஒரு கணம் தோன்றியது. நியாயத்தீர்ப்பில் மேடையும் மைக்கும் இருக்கும் என்று சபையில் யாரும் சொன்னதில்லை.

தப்பிக்க வேறு வழி தெரியவில்லை. உள்ளே போய், மேடையேறி, டாக்டரின் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"அது நாந்தான்," என்றார். "ஹெல்மெட்டு, கிளாஸு, சிகரெட்டு, எல்லாம் நாந்தான். நெஞ்சு வலிக்கி. பயந்துதான் ஆஸ்பத்திரிக்கிப் போவல."

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை விசும்புவது கேட்டது. டாக்டர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"நாளைக்கு வேண்டாம் சார். இப்பமே போயி ஒரு ஈசிஜி எடுத்திருவோம். கார் வாசல்லதான் நிக்கி."

லிஜா பாட்டிலை நீட்டினாள். பாதியைக் குடித்துவிட்டு, அவளிடம் மட்டும் கேட்கும்படி குனிந்தார்.

"எனக்க வீட்டுக்காரிக்கே தெரியாதும்மா. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

லிஜாவும் குரலைத் தாழ்த்தினாள்.

"எந்தத் தலைப்புல பேசணும்னு தெரியதுக்கு, 'எங்கள் ஊரின் பெரிய சமூகப் பிரச்சினை'ன்னு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம் சார். நாப்பத்தொரு பேரும் ஒங்களப் பத்தித்தான் எழுதியிருந்தாவ."