கறிக்கடைக்காரருக்குப் பதில் மச்சினன்

ஆழ்வார்திருநகரி,
12-2-1976

மச்சினர் ஜகந்நாதனுக்கு, சக்ரபாணி எழுதியது. வயதில் சிறியவருக்கு ஆசீர்வாதம், பதிப்பாசிரியருக்குத் தெண்டன். இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். இங்கே சகலரும் சௌக்கியம், உம் அக்கா கோமளவல்லி என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர.

கிடைத்துவிட்டது ஐயா, கிடைத்துவிட்டது! அந்த ஸ்காட்லாந்துக்காரர் பொருளாதாரம் எழுதி இருநூறு வருஷம் ஆகிறது. பிரெஞ்சுக்காரனும் ஜப்பான்காரனும் தங்கள் பாஷையில் படித்தாயிற்று. அதைத் தமிழாக்கப் புகுந்த ரிட்டையர்டு வாத்தியார் நான் மட்டும் மூன்று வருஷமாக ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். நமக்குச் சாப்பாடு கிடைப்பது கறிக்கடைக்காரரின் தயவால் அல்ல, அவருடைய சுயநலத்தால் என்கிறார். அதை வாசித்துக் காட்டினேனோ இல்லையோ, "நம்மாத்துத் தளிகைக்கும் கறிக்கடைக்கும் என்னன்னா சம்பந்தம்?" என்று உம் அக்கா காகிதக்கட்டைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டாள். பால்காரர் என்று மாற்றினேன். "அவனுக்குச் சுயநலம் இருக்கு, சரி. பால் எங்கே இருக்கு?" என்றாள்.

கட்டோடு தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். கடற்கரையில் சங்கு குளிக்கிற ரோச் என்பவரைப் பிடித்து, "நீர் முங்கினால் மேலே கயிறு யார் பிடிப்பா?" என்று கேட்டேன். "காலங்காலமா பெஞ்சாதி கூடப்பிறந்தவன்தான் சாமி. அக்கா தாலிய அவனே அறுப்பானா?" அடடா, அடடா! தயவே இல்லை, முழுக்கச் சுயநலம்! ஸ்காட்லாந்துக்காரர் இன்னோரிடத்தில் சொல்கிற கண்ணுக்குத் தெரியாத கையும் அதுதானே, முங்கினவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? துள்ளினேன் பாரும், கட்டு கடலுக்குள் விழுந்துவிட்டது. ரோச் குதித்து எடுத்துத் தன் வீட்டில் கருவாட்டோடு காயப்போட்டார். அந்த வாசனையோடு நான் ஆத்துக்குள் நுழைந்ததிலிருந்துதான் பேச்சுவார்த்தை இல்லை.

ஆகையால் கறிக்கடைக்காரரை எடுத்துவிட்டு மச்சினனைப் போட்டிருக்கிறேன். இதையெல்லாம் யார் படிப்பா என்று உம் முதலாளி இழுத்தடிக்கிறாராமே? பங்குனிக்குள் அச்சேறாவிட்டால் இன்னும் இருநூறு வருஷம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் நான் இருக்கமாட்டேன். நான் முங்கியாயிற்று, கயிறு உம் கையில். அக்கா முகத்துக்காகவாவது இழுத்துவிடும்.

ஆத்தில் அனைவருக்கும் ஆதிநாதர் குறைவில்லாமல் அருளட்டும்.

இப்படிக்கு,
சக்ரபாணி

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் ரோச் வந்தார், கடைசி நாலு பக்கம் இன்றுதான் காய்ந்ததாம். அவர் மச்சானின் க்ஷேமம் விசாரித்தேன். "அவனா? நான் அடியில கெடக்கும்போது கயித்த விட்டுட்டு பீடி பத்தவைக்கப் போயிட்டாம்லா! இப்பம் வேத்தாள்தான் பிடிக்கான். எடுக்கிற சங்குல அவனுக்கும் பங்கு உண்டுல்லா, கண்ண எடுக்கமாட்டான்." ஸ்காட்லாந்துக்காரர் சொன்னதே சரி. மச்சினனை அடித்துவிட்டுக் கறிக்கடைக்காரரையே திரும்பப் போடும். அக்கா முகத்தையும் பார்க்க வேண்டாம். அட்டையில் என் பெயருக்குப் பக்கத்தில் உம் பெயரையும் போட்டுக்கொள்ளும்.