பெயர் சொல்லாமல் ஒரு பிரசங்கம்

ஒலிவாங்கி கைக்கு வந்ததும் புத்தி மங்கிப்போகிறவர்களில் அரசியல்வாதிகளுக்கு அடுத்த இடம் எங்களைப் போன்ற மௌலவிமாருக்குத்தான். இதை வேறு யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். நானே சொல்வதால் பரவாயில்லை.

மதறஸாவில் ஏழு வருடம் ஓதி முடித்து, வரிப்பத்தான்சேனை வயல்காரர் மகனான நான், பாலமுனைக்கு அங்காலே ஒரு கடற்கரை ஊர்ப் பள்ளிவாசலுக்குக் கடமைக்குப் போனபோது வயது இருபத்து நான்கு. (ஊரின் பெயர் வேண்டாம். பெயர் சொல்லாமல் பேசுவதில் எனக்குள்ள திறமையை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள்.) தனியாளாக வந்த மௌலவிக்கு வீடுகள் முறை வைத்துச் சாப்பாடு அனுப்புவது அங்கே வழக்கம். மாதத்தில் ஒரு நாள் ஹாஜரா மாமி வீட்டு முறை. அந்த ஊருக்குக் கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. மாமியின் மீன் ஆணத்தில், அதாவது குழம்பில், அது இன்னும் பக்கத்தில் இருந்தது. ஆனாலும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் "மாஷா அல்லாஹ், நல்ல ருசி" என்று சொல்லியனுப்புவேன்.

மாமியின் மருமகன் நியாஸ். ஓட்டோ திருத்தும் கராஜ் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். வீடு பெண்ணுக்கு, குசினி மாமிக்கு, மாப்பிள்ளைக்கு உட்கார ஒரு கதிரை. ஒரு புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நியாஸ் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மௌலவி, ஒரு விசயம் கேக்கணும். வெளிய போகப்படாது."

"என் நெஞ்சோடு இருக்கும்" என்றேன். (இருந்தது. வெள்ளிக்கிழமை பகல் வரை.)

"நான் பதினொரு மணிக்கு உம்மாட வீட்ட போய்த் திண்டுபோட்டுத்தான் பகல் சாப்பாட்டுக்கு வீட்ட போற. மாமி வைக்கிற கறி வாயில வைக்கேலா, அவ்வளவு உப்பு. பசியில்ல, கராஜில டீ குடிச்ச எண்டு பொய் சொல்ற. மீன் மணம் போக கையில பெற்றோல் வேற தடவுற. நாலு வருசமா இதுதான் நடக்கிது. இது பாவமா மௌலவி?"

"மாமியிடம் சொல்லலாமே."

"எப்பிடிச் சொல்ற? இருந்த வீட்டையும் மகளுக்கு எழுதித் தந்துபோட்டு, அவ அந்தக் குசினிக்குள்ளயே கிடக்கிறா. எனக்கு ஆக்கித் தாறதுதான் அவக்குச் சந்தோசம். இது தெரிஞ்சா மாமி உடைஞ்சி போயிருவா."

பொறுமையாக இருங்கள், மெல்லமாக எடுத்துச் சொல்லுங்கள் என்று ஏதோ சொல்லியனுப்பினேன். அவர் கண் கலங்கிப் போனார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். வெள்ளிக்கிழமைத் தலைப்பு 'நாவைப் பேணுதல்'. மூன்று நாளாக ஓர் உதாரணத்துக்கு அலைந்துகொண்டிருந்தேன். அது தானாகவே கதவைத் தட்டி வந்துவிட்டது.

நான் ஒன்றும் மனச்சாட்சி இல்லாதவன் அல்ல. ஆளை அடையாளம் தெரியாமல் மறைக்க இரண்டு இரவு பாடுபட்டேன். கராஜ்காரரைக் கடலுக்குப் போகிறவராக மாற்றினேன். மீனை மாட்டிறைச்சியாக்கினேன். பதினொரு மணியைப் பத்து மணியாக்கினேன். அந்தப் பெற்றோலை மட்டும் என்னால் விட முடியவில்லை. அதை எடுத்தால் கதையில் என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை மிம்பர் மேடையில் ஏறி, "இந்த ஊரில் ஒரு சகோதரர் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன்" என்று தொடங்கினேன். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த நாலு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கையை மோந்து பார்ப்பதைக்கூட நடித்துக் காட்டினேன். அடக்க முடியாத சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் நீட்டினேன். மூன்றாவது வரிசையில் நியாஸ் தன் இரண்டு கைகளையும் சாறன் மடிப்புக்குள் மறைத்து வைத்திருந்ததைக் கண்டபோதுதான் பேச்சை நிறுத்தினேன். ஆனால் வெளியே கட்டியிருந்த இரண்டு ஒலிபெருக்கிகளும் அதற்கு முன்பே எல்லாக் குசினிகளுக்கும் செய்தியைக் கொண்டுபோய்விட்டன.

செருப்பைத் தேடி எடுக்கும் நேரத்துக்குள் ஊர் கணக்கை முடித்துவிட்டது. கடலுக்குப் போனவர் பத்து மணிக்கு உம்மா வீட்டில் எப்படி இருப்பார் என்று ஒருவர் கேட்டாராம். மிச்சத்தைப் பெற்றோல் பார்த்துக்கொண்டது.

அன்றைக்கென்று ஹாஜரா மாமி வீட்டு முறை. வழக்கமாக நியாஸ்தான் சாப்பாடு கொண்டுவருவார். அன்று முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு மாமியே வந்து அறை வாசலில் நின்றார். அப்போது உள்ளே பள்ளிவாசல் தலைவர் காதர் ஹாஜியார் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

"மௌலவி, மைக்கில கதைச்சது எங்கட மருமகனப் பத்தித்தானே?"

"நான் பேர் ஒண்டும் சொல்லல்லியே மாமி."

"சாப்பிடுங்க" என்று பாத்திரத்தைத் திறந்து வைத்தார். ஒரு வாய் வைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசாமாசம் நல்ல ருசியெண்டு சொல்லியனுப்பினீங்க. இப்ப சொல்லுங்க."

ஹாஜியார் சுவரைப் பார்த்தார். ஊரையே பொய்க்காக ஏசிவிட்டு இறங்கி அரை மணித்தியாலம் ஆகவில்லை. "உப்புக் கூட மாமி" என்றேன்.

"இத எங்கிட்ட வந்து தனியச் சொன்னா நான் குறைச்சுப் போட்டிரிப்பன். அந்தப் புள்ள என்ட மனசு நோகப்படாதெண்டு நாலு வருசம் பொய் சொன்னான். நீங்க ஊரு சிரிக்க உண்மையச் சொன்னீங்க. ஆரு எனக்கு நல்லது செஞ்ச?"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஹதீஸ் சொல்லிச் சமாளித்திருப்பேன். எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். ஹாஜியார் பதறிப்போனார். "வெளங்காம இரிக்கிற நாலு பேருக்கும் வெளங்கட்டுமெண்டா? நடந்து போய்க் கேளுங்க மௌலவி." போனேன். நியாஸ் ஓட்டோவுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வரவில்லை. இரண்டு கால்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். ஒன்றரை மாதம் அவர் அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போய்த் தொழுதார். பிறகு ஒரு நாள் வந்து ஸலாம் சொன்னார். மாமி உப்பைக் குறைத்துவிட்டாராம். இப்போது புளி கூடவாம். "இதையும் சொல்லிப் போடாதீங்க" என்றார். (இதை எழுத அனுமதி கேட்டபோது, "பேரையே போடுங்க, நீங்க மறைக்க வெளிக்கிட்டாத்தான் ஆபத்து" என்றார்.)

அதற்குப் பிறகு பல வருடம் அந்த ஊரில் யாரும் என்னிடம் ஒரு துன்பத்தையும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பாத்திரம் வந்தது. கொண்டுவந்தவர்கள் வாயைத் திறக்காமல் போனார்கள். நானும் அன்றிலிருந்து மிம்பரில் மனிதர்களைப் பற்றி உதாரணம் சொல்வதை அடியோடு விட்டேன். மிருகங்களுக்கு மாறினேன். போன வருடம் நன்றி மறப்பதைப் பற்றிப் பேசும்போது, எஜமானின் கூடாரத்துக்குள் தலையை நீட்டி, கடைசியில் அவரையே வெளியே தள்ளிய ஓர் ஒட்டகத்தைப் பற்றிச் சொன்னேன். அம்பாறை மாவட்டத்தில் ஒட்டகம் இல்லை என்ற துணிச்சல்.

தொழுகை முடிந்ததும் மூன்று மருமகன்மார் தனித்தனியாக வந்து, "மௌலவி, அந்த ஒட்டகம் நானா?" என்று கேட்டார்கள்.

இதை வீட்டில் வந்து சொன்னதுதான் நான் விட்ட அடுத்த பிழை. நானும் இப்போது கலியாணம் முடித்து மாமியார் வீட்டில் குடியிருக்கிறவன். இப்போது சாப்பாட்டுக்கு நான் கதிரையை இழுத்தால் போதும்; மகள் குசினியில் நிற்கும் என் மாமியார் பக்கம் திரும்பி, "உம்மம்மா, ஒட்டகம் வந்திட்டு" என்கிறாள்.