காலர் வைத்த பனியன்

புதுப்பட்டினம்,
சனிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் கிருபாகரனுக்கு, உன் அக்காள் புருஷன் ஏசுபாதம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் செல்லம்மாவும் ஜெனிஃபரும் சுகம். என் மானம் மட்டும் சுகமில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். திருப்பூரில் நீயும் மார்கரெட்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான்கு நாளாகப் போனை எடுக்காதவன் சுகமாகத்தான் இருக்க வேண்டும். கடிதத்தோடு இந்தப் பெட்டியில் ஒரு டி-ஷர்ட்டும் வைத்திருக்கிறேன். திறக்கும்போது மனதைத் திடப்படுத்திக்கொள்.

கல்பாக்கத்தில் முப்பத்து நான்கு வருடம் ஸ்டாஃப் பஸ் ஓட்டிவிட்டு, வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியில் வேன் ஓட்டப் போனது உனக்குத் தெரியும். போன மாதம் எங்கள் மேனேஜர் சியாமளா மேடம், எல்லோருக்கும் ஒரே மாதிரி உடுப்பு வேண்டும், காலர் டி-ஷர்ட் தைக்கலாம் என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "என் மச்சான் திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிகினுகீறான் மேடம், ராஜா மாதிரி துணி குடுப்பான்" என்று சொல்லித் தொலைத்தேன். முப்பது பேருக்கும் உன்னிடமே ஆர்டர் போனது. அந்த முப்பதில் நானும் ஒருவன் என்று பார்சல் பிரிக்கும் வரை எனக்குத் தோன்றவில்லை. டிரைவருக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். கருநீலம், மார்பில் என் பெயர், கழுத்தில் மூன்று பொத்தான். மூன்றே மூன்று! அதற்குக் கீழே தொப்புள் வரைக்கும் பொத்தானே இல்லை.

நான் போட மாட்டேன் என்றேன். ஏன் என்று மேடத்திடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். என் அப்பா தனகோடியிடம் இருந்தது ஒரே சட்டை. மதுராந்தகம் பக்கத்தில் வயல் வேலைக்குப் போகும்போது, பெரிய வீட்டுத் தெரு முனையில் அதைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். தெருவைத் தாண்டிய பிறகு போட்டுக்கொள்வார். எனக்கு வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் அவருக்கு எடுத்துக் கொடுத்தது முழுக்கைச் சட்டை, ஏழு பொத்தான். அன்றிலிருந்து நான் பனியனோடு வாசற்படி தாண்டியதில்லை. ஜெனிஃபர் சொல்கிறாள், "நைனா, இது பனியன் இல்ல, போலோ ஷர்ட்டு. காலர் கீது பாரு." பனியனுக்குக் காலர் வைத்தால் சட்டை ஆகிவிடுமா? எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூட மணி கட்டியிருக்கிறோம், அது மாடாகிவிட்டதா? உன் அக்கா இதைக் கேட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்.

மேடம் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "ஏசுபாதம், போடலைன்னா வேற டிரைவர் பார்க்கணும்" என்றார். இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். டி-ஷர்ட்டை உள்ளே போட்டுக்கொண்டு, மேலே என் வெள்ளைச் சட்டையைப் போட்டுப் பொத்தானைப் பூட்டினேன். உடுப்பும் போட்டாயிற்று, மானமும் போகவில்லை. மே மாதம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் அன்று ஏற்றியது மணிப்பூரிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. கணவர் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏசியை முழுக்க வைத்தேன். பின்னால் அந்த அம்மா சால்வை போர்த்திக்கொள்கிறார், முன்னால் நான் மழையில் நனைந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். உன் துணி ஒரு சொட்டு வேர்வையைக் குடிக்கவில்லை மச்சான், எல்லாம் என்னோடேயே இருந்தது. திருக்கழுக்குன்றம் வருவதற்குள் கண் இருட்டியது. டாக்டர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். ஓர் இளநீர்க் கடை ஓரமாக நிறுத்தினேன். நெஞ்சுவலி என்று நினைத்து என் சட்டைப் பொத்தானைக் கழற்றியவர், உள்ளே இன்னொரு காலரைப் பார்த்துத் திகைத்துப்போனார். முப்பது வருடம் மாடு குதிரைக்கு நாடி பார்த்த கையால் எனக்கும் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, நீங்கள் வேகிறீர்கள்" என்றார். இளநீர்க்கார அம்மா, "இன்னா பெருசு, மேல ஒண்ணு உள்ள ஒண்ணு? பண்டிகைக்கு எடுத்த துணிய மொத்தமா மாட்டிகினு வந்துட்டியா?" என்று கேட்டதையும் எழுதிவிடுகிறேன். கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

விஷயத்தைச் சொன்னேன், அப்பா கதை உட்பட. கல்பாக்கத்துச் சயின்டிஸ்ட்டுகளோடு பேசிப் பழகிய ஆங்கிலம் அன்றுதான் உருப்படியாக உதவியது. அவர் சிரிக்கவில்லை. குதிரை மேல் உட்கார்ந்து கோலால் பந்தடிக்கும் போலோ அவருடைய ஊர் விளையாட்டாம். அவருடைய பாட்டனார் குட்டைக் குதிரையில், வெறுங்காலோடு ஆடியவராம். வெள்ளைக்காரன் அங்கே பார்த்து எடுத்துக்கொண்டு போய், கனத்த முழுக்கைச் சட்டையில் ஆடினானாம். காற்றில் காலர் மூஞ்சியில் அடிக்கிறது என்று அதற்குப் பொத்தான் வைத்தானாம். அப்புறம் பிரான்சில் ஒரு டென்னிஸ்காரர், முழுக்கைச் சட்டையில் புழுங்குகிறது என்று, கையைக் குட்டையாக்கி, பொடிப்பொடிக் கண் வைத்துப் பின்னிய பருத்தித் துணியில் தைத்துக்கொண்டாராம். குதிரைக்காரர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் போட்டுக்கொள்ள, பெயர் மட்டும் போலோ என்று நின்றுவிட்டதாம். "அந்தக் கண் வழியாகத்தான் காற்று போகும். உங்களுடையது பாலியஸ்டர். அதோடு மேலே ஒரு பூட்டு வேறு. இது பனியன் இல்லை, துரைமார்கள் மைதானத்தில் போட்டது. உங்கள் அப்பா இருந்தால் போடச் சொல்லியிருப்பார்" என்றார்.

நான் இளநீரைக் குடித்து முடித்தேன். பிறகு வெள்ளைச் சட்டையைக் கழற்றி, அக்குளில் இடுக்காமல், மடித்து முன் சீட்டில் வைத்தேன். அதே டி-ஷர்ட்டோடு திருக்கழுக்குன்றம் கடைத்தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போனேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். விடுதி வாசலில் மேடம் மட்டும் பார்த்துக் கை தட்டினார்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு நன்றிக் கடிதம் எழுதியிருப்பேன். மறுநாள் காலையில் ஊழியர் எல்லோரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுப்பதாக இருந்தது. துரைமார் சட்டை ஆயிற்றே, மரியாதை செய்ய வேண்டாமா? சட்டைக் கையில் கத்தி மாதிரி மடிப்பு விழ வேண்டும் என்று நானே இஸ்திரி போட உட்கார்ந்தேன். காலருக்குள் நீ ஒரு சின்னத் துண்டு தைத்திருக்கிறாயே, அதில் இஸ்திரிப் பெட்டி மேல் குறுக்காகச் சிலுவை போட்ட மாதிரி ஒரு படம். நம் கிருபாகரன் தொழிலிலும் சாட்சி சொல்கிறானே என்று சந்தோஷப்பட்டு, பெட்டியை நன்றாகக் காய வைத்து முதுகுப் பக்கம் வைத்தேன். எடுத்தபோது முதுகு பெட்டியோடு வந்துவிட்டது. "உன் தம்பி துணிடி!" என்று கத்தினேன். "என் தம்பி உங்கள பொட்டி வெக்கச் சொன்னானா?" என்றாள் செல்லம்மா.

வேறு டி-ஷர்ட் இல்லை. ஓட்டையோடு போனேன். காலை முழுக்கச் சுவரை ஒட்டி நண்டு மாதிரி நடந்தேன். விருந்தாளிகள் வந்தால் முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நகர்ந்து கதவைத் திறந்தேன். இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று இரண்டு பேர் எனக்கு வணக்கம் போட்டுவிட்டு, அவர்களும் பின்னாலேயே நடந்து உள்ளே போனார்கள். விருந்தாளி ஒருவருடைய பெட்டியைத் தூக்கக் குனிந்தேன். அடுப்படி ஜெரோம் வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணாத்த, முதுவுல ஜன்னல் தொறந்துகீதே!" என்றான். அவனுக்கும் உன் மேல் கோபம். அடுப்பு முன்னால் உன் துணி உடம்போடு ஒட்டிக்கொள்கிறதாம். மற்ற இருபத்தொன்பது பேரும் வேர்க்கும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லவில்லை, என் பெயரைத்தான் சொல்கிறார்கள். போட்டோவில் நான் தூணோடு தூணாக நிற்கிறேன்.

மேடம் சிரித்து முடித்துவிட்டு, பத்து நாளுக்குள் வேறு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஆகவே மச்சான், இந்த வெயிலில் பாலியஸ்டர் போட்டு அனுப்ப உனக்கு எப்படி மனசு வந்தது என்று முதலில் பதில் சொல். அடுத்து, அந்தக் கண் வைத்த பருத்தியில் ஒரு சைஸ் பெரியதாக, உடனே அனுப்பு. உன் பின்னல் இயந்திரங்கள் நூல் அறாமல் ஓடவும், மார்கரெட்டின் சர்க்கரை இறங்கவும், உனக்குப் புத்தி ஏறவும் தினமும் ஜெபிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் பாசமுள்ள
ஏசுபாதம்.

பின்குறிப்பு: மச்சான், பெட்டிக்கு டேப் ஒட்டியாகிவிட்டது, அதனால் இதை மேல் அட்டையிலேயே எழுதுகிறேன். கூரியர் ஆபீசில் உன் விலாசம் எடுக்க ஜெனிஃபர் என் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்தாள். போன மாதம் நான் உனக்குப் பேசி அனுப்பியது சத்தமாக ஓடிவிட்டது. "மச்சான், காட்டன்லாம் வாணாம்பா, கசங்கும். முப்பதும் பாலியஸ்டரே போட்டுடு, பொட்டி வெக்கிற வேலையே இருக்கக் கூடாது." அதற்கு நீ, "மாமா, அங்க வெயிலுக்கு ஆகாது, காட்டனே போட்டுக்கலாம்" என்கிறாய். அதற்கு நான், "யாருக்கு யார்ரா சொல்லித் தர்றது?" என்கிறேன். உள்ளே இருக்கும் கடிதத்தைத் தயவுசெய்து படிக்காதே. கூரியர்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே எடை போடுகிறார். அவர் போட்டிருப்பதும் காலர் டி-ஷர்ட்தான். தொட்டுப் பார்த்தேன், காட்டன்.