பூங்காவனத்தின் பீரோ புகுந்த படலம்

சுண்ணாம்புக்கல் லாரிகள் எழுப்பும் வெண்புழுதியையே வெற்றித் திருநீறாய் மேனியெங்கும் தரித்தவனும், ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டையைப் பஞ்சுத் தலையணைபோல் தோளேற்றுபவனும், கட்டிய மனைவியோடு மூன்று முழுநாள் பேசாத மாபெரும் மௌனம் காத்தவனுமாகிய அரியலூர்த் தங்கராசு நீடு வாழ்க!

அம்மௌனத்துக்கு மூலம் ஒரு பீரோ. கடைவீதியில் அதைக் கண்டு மனம் பறிகொடுத்துத் திரும்பிய பூங்காவனத்திடம், "நம்ம வூட்டு வாசல்ல அது நுழையாது புள்ள. கொண்டாந்தா ஒரு விரலாலகூட தொட மாட்டேன்" என்று அவன் முழங்கினான். "நுழையும்" என்றாள் அவள். அத்தோடு பேச்சு அறுந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஐப்பசியில், கருமேகங்கள் ஊரை முற்றுகையிட்ட ஒரு மாலைப்பொழுதில், குட்டியானை என்று உலகத்தார் விளிக்கும் சிறுவண்டியின் முதுகில், பட்டத்து யானைமேல் பவனிவரும் பேரரசனைப்போல், பச்சைத் திருமேனியும் ஆளுயரக் கண்ணாடியும் ஒளிர அந்தப் பீரோ தெருவுக்குள் எழுந்தருளியது. பூங்காவனம் உள்ளே நின்று இழுக்க, அவள் தம்பி அறிவழகனும் வண்டிக்காரனும் வெளியே நின்று தள்ள, எதிரே தண்ணீர் டிரம்மின்மேல் கைகட்டி அமர்ந்து களம் நோக்கினான் தங்கராசு.

பாதி உடல் உள்ளே, பாதி வெளியே. அதற்குமேல் பீரோ முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. மலைக்கணவாயில் அகப்பட்ட மதயானை அது. முட்டியும் நெம்பியும் தோள் சிவந்தான் அறிவழகன். "எனக்கு செந்துறைல இன்னொரு லோடு இருக்குங்க" என்று பிரகடனம் செய்து புறமுதுகிட்டான் வண்டிக்காரன்.

தங்கராசின் நெஞ்சில் வெற்றி முரசு அதிர்ந்தது. மூன்று நாள் பசித்த புலி இரை கண்டாற்போல் அவன் மீசை துடித்தது. 'சொன்னேன்ல' என்ற ஒற்றைச் சொல்லை நாநுனியில் நாணேற்றி நிறுத்தி, எய்வதற்கு நல்ல நேரம் பார்த்திருந்தான்.

முதல் மழைத்துளி விழுந்தது. கோணலாய்ச் சிக்கிய பீரோவுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட நான்கு விரற்கடை இடுக்கில் பூங்காவனத்தின் முகம் ஒரு கண்ணளவு தெரிந்தது. அவள் கணவனைப் பார்க்கவில்லை.

"வுட்டுடு தம்பி. கண்ணாடி நனையுது, திருப்பிக் கொடுத்துடலாம். பத்தொம்போது வருசமா சீலைய சிமெண்டு சாக்குலதான வச்சிருக்கேன், இன்னமும் இருந்துட்டுப் போவுது."

அந்தச் சாக்குகளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து தந்தவன் அவன்தான். நாணேற்றிய சொல் நாவிலேயே முறிந்தது.

எழுந்தான் தங்கராசு! கூரையோரம் சாத்தியிருந்த கடப்பாரையை வச்சிராயுதமென ஏந்தினான். "மாமா, வேணாம் மாமா!" என்று அலறிய மைத்துனனை இடக்கையால் விலக்கினான். "ஓரமாப் போ புள்ள!" என்று இடியிடித்து, மூன்று நாள் மௌனத்தையும் வாசலின் நிலைக்கட்டையையும் ஒருசேரப் பெயர்த்தெறிந்து, சரிந்த செங்கற்கள் வீழ்ந்த வீரர்களாய்க் கிடக்க, பொழியும் மழைக்கு நடுவே பீரோவை மார்போடு தழுவித் தூக்கி, உள்சுவரோரம் அரியணையேற்றினான்.

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தபடி பூங்காவனம் கேட்டாள்: "நுழையாதுன்னீங்க?"

"அது எங்க நுழைஞ்சது? வூடுதான் வழி வுட்டுச்சு."

அவள் சிரித்தாள். அச்சிரிப்பொலி கேட்டுத் திசைகள் எட்டும் குளிர்ந்தன. தேவர் பூமாரி பெய்யாக் குறையை ஓட்டைவழி ஒழுகிய மழை தீர்த்துவைத்தது.

கொத்தனார் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்.