வணக்கம், கடைவாய்ப்பல்

காலை எட்டே முக்கால். பல் மருத்துவமனையின் இணையதளத்தில் எந்த நோயாளி நுழைந்தாலும் மேல்பட்டையில் "வணக்கம்," என்று மட்டும் வந்தது. பெயர் வரவில்லை.

தளத்தைப் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதியவன் வரவேற்பறைக் கணினியின் முன் உட்கார்ந்திருந்தான். பல் டாக்டரின் கணவன்.

"பத்து மணிக்குள்ள சரியாகலன்னா தம்பிகிட்ட குடுத்துடுவேங்க," என்றாள் டாக்டர், கையுறையை மாட்டிக்கொண்டே.

"உன் தம்பியா? அவன் தொட்டா ஓடுறதும் நின்னுடும்."

ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு டெம்ப்ளேட் அச்சுகள். மேல்பட்டைக்கு ஒன்று, உள்பக்கத்துக்கு ஒன்று. நோயாளியின் பெயரை அவன் உள்பக்கத்துக்கு மட்டும் கொடுத்திருந்தான். இரண்டுக்கும் தெரிகிற பொது இடத்தில் வைத்தால் தீர்ந்தது. வைத்தான்.

தொலைபேசி அடித்தது. வரவேற்புப் பெண் எடுத்தாள்.

"சார், முதல்ல வந்தவர் பேரே எல்லாருக்கும் வருதாம். ஒரு அம்மா, 'எனக்கு எப்ப மீசை முளைச்சுது'ன்னு கேக்கறாங்க."

பொது இடம் தானாகக் காலியாகாது. பக்கம் முடிந்ததும் துடைக்கச் சொல்லி ஒரு வரி எழுதினான்.

மறுபடி தொலைபேசி.

"இப்ப பேரே இல்லையாம் சார். வரவேண்டிய நேரமும் போச்சாம்."

திறந்து பார்த்தான். துடைக்கும் வரி பக்கத்தின் தொடக்கத்திலும் ஒன்று இருந்தது. எழுதிய நினைவில்லை. வயசாகுது என்று அதை அழித்தான். எதுவும் தொலையாதிருக்க நேரத்தையும், பிடுங்கவேண்டிய பல்லின் பெயரையும்கூடப் பொது இடத்திலேயே போட்டான்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. கைப்பேசியை நீட்டினார்.

"வணக்கம், கடைவாய்ப்பல்," என்றது திரை.

"நான்தாங்க அது," என்றார்.

வரவேற்புப் பெண் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்தாள். டாக்டர் எட்டிப் பார்த்தாள். முகமூடிக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது.

"பதறாதீங்க. எல்லாம் சரியாயிடும்."

இவ்வளவு பொறுமை அவளுக்கு வழக்கமில்லை. மணி பத்தாக ஐந்து நிமிடம். அவன் கைப்பேசி அடித்தது. மைத்துனன்.

"அத்தான், அக்கா உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னா. நீங்களே சரி பண்ணின மாதிரி இருக்கட்டுமேன்னு, வீட்லருந்தே உங்க சர்வர்ல புகுந்து காலைலேருந்து மல்லுக்கட்டிட்டிருக்கேன். நான் சரி பண்ணப் பண்ண, எவனோ ஒரு கூறுகெட்டவன் கலைச்சுட்டே இருக்கான். யாரு அத்தான் அவன்?"