தணிகைமங்கலம் டாட் காம்

ஏலம் முடிய மூன்று நிமிடம்தான் இருந்தது. எழிலன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று செல்போனை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான். திருத்தணியில் அவன் வீட்டில் நெட்வொர்க் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

"ஏங்க, எறங்குங்க கீழ! வுழுந்து வச்சா யாரு பாக்கறது?" என்று முற்றத்திலிருந்து கத்தினாள் அவன் மனைவி சுதா.

"சும்மா இரு சுதா! எவனோ நாலாயிரத்து எரநூறு கேட்டுட்டான்! வுடுவேனா நானு!"

ஏலத்தில் இருந்தது வீடுமில்லை, மனையுமில்லை. ஒரு பெயர். தணிகைமங்கலம் டாட் காம். யாரோ வருடக் கட்டணம் கட்டாமல் விட்டதால் காலாவதியாகி ஏலத்துக்கு வந்த இணைய முகவரி. இதற்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால் எழிலன் ஒரு மணி நேரம் விளக்குவான். புது முகவரியில் கடை போட்டால் ஒரு வருடத்துக்கு ஈ காக்கை எட்டிப் பார்க்காது. பத்து வருடப் பழைய முகவரி என்றால் அதைத் தேடி வந்து பழகியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மூன்று வாரம் வீடியோ பார்த்துப் படித்த படிப்பு இது.

அரக்கோணத்தில் மச்சான் கதிரவனின் ஹார்டுவேர் கடையில் ஆறு வருடம் ஆணி எடை போட்டவன் எழிலன். "மாப்ள, அந்த பெயிண்டு டப்பாவத் தொடச்சி வை" என்று வாடிக்கையாளர் எதிரில் சொல்லுவான் கதிரவன். அது போதும், யாருக்கும் ரோஷம் வரும். வேலையை விட்டுவிட்டு, பொதட்டூர்பேட்டையில் முந்நூறு லுங்கி வாங்கி வந்து பரண் மேல் அடுக்கிவிட்டான். இனி இணையத்தில் லுங்கி வியாபாரம்.

சுதா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வைகாசி முடியறதுக்குள்ள அந்த வெப்சைட்டுல ஒரு லுங்கி, ஒரே ஒரு லுங்கி வித்துக் காட்டுங்க. இல்லன்னா ஆனி ஒண்ணாந்தேதி எங்கண்ணன் கடைக்குக் கௌம்புங்க."

நியாயமாகப் பார்த்தால், துணி என்ற சொல் பெயரிலேயே இருந்த ஒரு பழைய முகவரியும் மலிவாகக் கிடைத்தது. எழிலன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஞ்சர் கடைக்குக்கூட முருகன் பெயர் வைக்கிற ஊரில் மொட்டையாகத் துணி என்று எவன் கடை வைப்பான்? வாங்குமுன் அந்த முகவரியில் முன்பு என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும் என்றும் வீடியோவில் சொல்லத்தான் சொன்னார்கள். தணிகையும் இருக்கிறது, மங்கலமும் இருக்கிறது, சாமி பெயருக்கு விசாரணை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று வீடியோவில் அந்தப் பகுதியை ஓட்டிவிட்டு மேலே பார்த்தான் புண்ணியவான்.

"ஜெயிச்சிட்டேன்! சுதா, நம்மளுதாயிடுச்சி!" என்று அவன் குதித்த குதியில் தொட்டி மூடி விரிசல் விட்டது.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து லுங்கிப் படங்களோடு தன் போன் நம்பரும் வீட்டு விலாசமும் போட்டு வெப்சைட்டைத் திறந்தான். முதல் ஒரு மணி நேரத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து பார்த்தார்கள். எழிலனுக்குக் கை கால் ஓடவில்லை. போன் அடித்தது.

"தணிகைமங்கலமுங்களா?"

"ஆங், சொல்லுங்க சார்! கட்டம் போட்டதா, கோடு போட்டதா?"

"முகூர்த்தம் சார். இருவத்தேழாந்தேதி. மண்டபம், ஐயரு, மேளம் எல்லாம் நீங்களே பாத்துக்குவீங்கன்னு சொன்னாங்க."

"சார், இது லுங்கி கடை."

"லுங்கியெல்லாம் வேணாம் சார், மாப்பிள்ள பட்டு வேட்டிதான் கட்டுவாரு."

சாயங்காலத்துக்குள் பத்தொன்பது போன். பதினெட்டு கல்யாணம், ஒரு அறுபதாம் கல்யாணம். தணிகை மலைக்கு வந்து தாலி கட்டுவதாக வேண்டிக்கொண்டவர்களுக்கு எல்லா ஏற்பாடும் செய்துகொடுத்த வெப்சைட் அது என்று அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது.

"இவ்ளோதான? ஒரு வரி எழுதிப் போட்டா போச்சு" என்றான். எழுதியும் போட்டான். கொட்டை எழுத்தில், 'தணிகைமங்கலத்தில் இனி திருமணங்கள் நடைபெறாது.'

அரை மணி நேரத்தில் யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். மறுநாள் மணவூர் ஸ்டேஷன் டீக்கடையில், திருத்தணியில் கல்யாணமே கிடையாதாம் என்று பேச்சு. அன்றைக்கு நாற்பத்து மூன்று போன். ஒரு அம்மா அழுதே விட்டாள்.

"மூணு தலமுறையா மலையிலதான் தாலி கட்றோம். நாங்க இன்னா குத்தம் செஞ்சோம், சாமி?"

"அழாதீங்கம்மா! கல்யாணம் உண்டு! கண்டிப்பா உண்டு!" என்று கத்தினான் எழிலன். அடுத்த நிமிடமே அறிவிப்பைத் தூக்கினான்.

"இப்ப நீங்களே கல்யாணம் உண்டுன்னு சொல்லிட்டீங்க. பலே!" என்றாள் சுதா.

அடுத்து அவனுக்கு இன்னும் அருமையான யோசனை வந்தது. போன் நம்பரை எடுத்துவிட்டு, வெப்சைட்டில் ஒரு பெட்டி வைத்தான். உங்கள் தேவையையும் தேதியையும் எழுதுங்கள். எழுதுகிறவர்கள் எழுதட்டும், நிதானமாகப் படித்து ஒவ்வொருவருக்கும் மரியாதையாக இல்லை என்று பதில் போட்டால் ஆயிற்று. அன்று ராத்திரி பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான். லுங்கி வாங்குகிறவர்களுக்காக முன்பே எழுதி வைத்திருந்த தானியங்கிப் பதில் மட்டும் தூங்கவில்லை. பெட்டியில் எழுதிய அத்தனை பேருக்கும் அது உடனுக்குடன் போய்க்கொண்டிருந்தது. 'உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது. குறித்த தேதியில் குறையில்லாமல் உங்கள் கைக்கு வந்து சேரும்.'

வைகாசி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, எழிலன் அந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதற்கு முன், காலை எட்டு மணிக்கு வீட்டு வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. நகரியிலிருந்து வந்த பஸ். தோளில் துண்டோடு முதலில் இறங்கியவர் பெண்ணின் அப்பா எல்லப்பன். கையில் அந்த உறுதிக் கடிதம், பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்தது.

"நைனா, முப்பத்தெட்டு பேரு வந்துகிறோம். பத்தரைக்கு முகூர்த்தம். மண்டபம் எங்க கீது?"

இடுப்பில் லுங்கியோடு வாசலுக்கு வந்த எழிலன் இழுத்தான். "ஐயா, நான் வந்து... லுங்கி..."

"அதுக்கு இன்னாப்பா, லுங்கியோட இருந்தா இன்னா. காலையில எல்லாரும் அப்டித்தான் இருப்போம். போயி வேட்டி கட்டிகினு வா, நாங்க நிக்கறோம்!"

சுதா பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். முகமே மாறியிருந்தது. "அந்தப் பொண்ணு தல நெறய பூ வச்சிகினு சிரிச்சிகினு உக்காந்துகிது. திருப்பி அனுப்பினீங்க, அப்றம் இந்த வூட்டுல நான் இருக்கமாட்டேன். ஓடுங்க!"

எழிலன் ஓடினான். மலையடிவாரத்தில் பூக்கடை மணியம்மைதான் ஞாபகத்துக்கு வந்தாள். அந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாத ஆள் கிடையாது.

"எத்தினி மாலை?" என்று தலை நிமிராமலே கேட்டாள்.

"மாலை இல்லம்மா, கல்யாணமே வேணும்! ரெண்டரை மணி நேரத்துல!"

"பதறாத நைனா, இப்டி உக்காரு" என்று செல்போனை எடுத்தாள். நாலே நாலு போன். ஐயர் வந்தார். மேளம் வந்தது. அடிவாரத்தில் சின்ன மண்டபம் ஒன்று காலியாக இருந்தது. பொங்கல், வடை, கேசரி அண்டாவோடு ஆட்டோவில் இறங்கியது. எழிலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் கேன் தூக்கினான், பந்தி பரிமாறினான், தாலி கட்டும்போது எல்லோரையும்விடச் சத்தமாகக் கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று கத்தினான். ஆறு வருடம் ஆணி விற்றபோது ஒருநாளும் இவ்வளவு சந்தோஷமாக வேர்த்ததில்லை.

போகும்போது எல்லப்பன் அவனைக் கட்டிக்கொண்டார். "எங்க பக்கம் இன்னும் ஆறு கல்யாணம் கீது. எல்லாருக்கும் உன் அட்ரஸ்தான்!"

பஸ் கிளம்பியதும் சுதா கேட்டாள், "எல்லாம் சரி, லுங்கி?"

ஒன்றுகூட விற்கவில்லை. ஆனால் எழிலன் சோர்ந்துபோகிற ஆளா? அந்த இடத்திலேயே அடுத்த யோசனை பிறந்துவிட்டது. "சுதா, இந்த அட்ரஸ் தங்கம்டி! தெரியாம தொலச்சிட்டு எவனோ ஒருத்தன் அழுதுகினு இருப்பான். அவனத் தேடிப் புடிச்சி, வாங்கின வெலைக்கே குடுத்துட்றேன். கால்ல வுழுவான் பாரு! அந்தத் துணி அட்ரஸ இன்னிக்கே வாங்கி, நாளைக்கு ஒரு லுங்கி வித்துட்டா உங்கண்ணன் கடைக்குக் கும்புடு!"

சுதாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பழைய சொந்தக்காரரை யாரிடம் விசாரிப்பது? இருவரும் நேரே பூக்கடைக்குப் போனார்கள்.

"அம்மா, தணிகைமங்கலம்னு முன்ன கல்யாணம் நடத்திகினு இருந்தாங்களே, அந்த ஆளு யாருன்னு தெரியுமா? பாவம், பணம் கட்ட மறந்து வுட்டுட்டாரு. அவருக்கே திருப்பிக் குடுத்துடலாம்னு பாக்கறேன்."

மணியம்மை கட்டிக்கொண்டிருந்த மாலையை மடியில் வைத்துவிட்டு அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"எனுக்கு எதுக்கு நைனா திருப்பி? நான் பணம் கட்டாம வுட்டேன், அப்பறம் வாங்கறவனும் கட்டாம வுட்டுட்டு ஓடறான், அதனாலதான வருஷத்துக்கு ஒருத்தன் உன்ன மாரி ஆசையா வாங்கிகினு வந்து எனுக்கு மாலை ஆர்டரு புடிச்சிக் குடுக்கறான்!"