மாமனாருக்கு வைத்த வேன் விருந்து

யாராவது என்னை "சார்" என்று கூப்பிட்டால் அதன் பிறகு எனக்குப் புத்தி வேலை செய்யாது. இது எனக்கே தெரியவர ஒரு வேனும் ஒரு குண்டான் பிரியாணியும் தேவைப்பட்டன.

2008 மழைக்காலம். எனக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. கடலூர் செம்மண்டலத்தில் ஒரு பழைய வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், கேஸ் அடுப்பு, ஜன்னலுக்குத் திரை எல்லாம் வைத்து நடமாடும் வீடாக்கியிருந்தேன். சிதம்பரத்தில் இருந்த மாமனாருக்கு அதில் துளியும் மரியாதை இல்லை. "வீட்டப் பாத்துப் பொண்ணு குடுத்தனா, வேனப் பாத்துக் குடுத்தனா?" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயாலேயே அதை வீடு என்று சொல்ல வைக்கிறேன் என்று மனைவி ஸ்டெல்லாவிடம் சவால் விட்டேன். சனிக்கிழமை சிதம்பரம் போய், ஊர் ஓரத்து மைதானத்தில் வேனிலேயே தங்குவது. ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வரும் மாமனாருக்கு அங்கேயே மட்டன் பிரியாணி போடுவது. அதுதான் திட்டம்.

போன அன்று பிடித்த மழை விடவேயில்லை. கூரை ஒழுகியது. (கட்டிலில் குடை பிடித்துக்கொண்டு படுத்த ஒரே தம்பதி நாங்களாகத்தான் இருப்போம்.) விடிந்து பார்த்தால் சக்கரம் பாதி சேற்றில். ஆனால் பிரியாணி மட்டும் அருமையாக வந்தது. மூடியைத் திறந்ததும் வாசம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து யாரும் அடுப்பு மூட்டவில்லை.

முதலில் ஒரு அம்மா தூக்குவாளியோடு வந்தார். "காலைல வந்த வண்டியில வெறும் புளிசோறுதான் சார். நீங்க எந்தக் கட்சி?"

எங்களை மழை நிவாரண வண்டி என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். "சார்" என்றுவிட்டாரே! ஸ்டெல்லா பாவம் பார்த்து ஒரு கரண்டி வைத்தாள். நான் அந்தக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தட்டும் தூக்குமாக மைதானம் நிறைந்தது. வேட்பாளர் தோரணையில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தேன். ஒரு கறுப்புக் குடை மட்டும் நேராக வேனுக்கு வந்தது. நான் குண்டானை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"பெருசு, எல்லாரும் நிக்கிறாங்க இல்ல? லைன்ல வாங்க."

குடை திரும்பிப் போய்க் கடைசியில் நின்றது. அதன் முறை வந்தபோது குண்டானில் ஒரு பட்டையும் பிரிஞ்சி இலையும்தான் மிச்சம். நிமிர்ந்தேன். பூசைக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு மாமனார். வெட்கத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் சேற்றில் நின்று சாப்பிடும் ஜனங்களைப் பார்த்தார். பிறகு வேனைப் பார்த்தார்.

"வீடு நல்லாத்தான் இருக்குது மாப்ள. சோறுதான் இல்ல."

சவாலில் ஜெயித்த அன்று எங்களுக்குச் சாப்பாடு மாமனார் வீட்டில். இன்றுவரை அங்கே பந்தியில் கடைசி இலை என்னுடையதுதான். பசி தாங்காமல் சோற்றுக் குண்டான் பக்கம் கையை நீட்டினால் போதும், மாமனார் சிரிக்காமல் சொல்வார்: "சார், லைன்ல வாங்க."